கயிறு அறுபட்டது எப்போது?

சின்ன முதலாளி பொய் எழுதியிருக்கிறார்.

தெரியாமல் எழுதியிருந்தால் தப்பு என்று மட்டும் சொல்லியிருப்பேன். நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "அச்சடிச்சாச்சு பெரியவரே, வுடுங்க" என்றார். அதனால்தான் பொய் என்கிறேன்.

திண்டிவனத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. படுதா தைப்பதும் சீட்டு தைப்பதும் என் வேலை. அந்தப் பட்டறை இப்போது பொன்விழா கொண்டாடி மலர் போட்டிருக்கிறது. மலரில் ஒரு பக்கம், ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் கட்டிய பாய்மரப் படகைப் பற்றியது. வெள்ளோட்டத்தில் டிங்கர் சவரிமுத்து பயந்துபோய்ப் பாய்க் கயிற்றை அறுத்துவிட்டாராம். அதனால் படகு கவிழ்ந்ததாம். பெரிய முதலாளி அதைச் சரிசெய்து பட்டறையின் பெயரைக் காப்பாற்றினாராம். கீழே சின்ன முதலாளியின் கையெழுத்து. படகு ஏரியில் இறங்கிய நாளில் அவர் தொட்டிலில் கிடந்தார்.

சவரிமுத்து இறந்து பல வருஷம் ஆகிறது. அவர் மகள் ஸ்டெல்லா விழுப்புரத்தில் அப்பா வைத்த டிங்கர் பட்டறையைப் புருஷனோடு நடத்துகிறாள். மலரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"பெரியப்பா, எங்கப்பாவா கவுத்துட்டாரு?"

"இல்லம்மா."

"லாரி ஓனருங்க எல்லாருக்கும் இந்தப் புக்கு குடுத்துக்கீறாங்க. எங்க போர்டுல அவரு பேருதான் இருக்குது. நேத்து ஒருத்தரு வண்டிய வுட வந்துட்டு, 'படகு கவுத்த சவரிமுத்து கடையா'ன்னு சிரிச்சிக்கினே கேக்குறாரு. வண்டிய வுட்டுட்டுத்தான் போனாரு. ஆனா கேட்டுட்டாரு இல்ல?"

அதற்காக எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தைத்துத்தான் பழக்கம்.

நான் வேலை கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக எதுவுமில்லை. முதலில் நூலுக்கு மெழுகு தடவினேன். பிறகு ஊசி கொடுத்தார்கள். ரொம்ப நாள் கழித்துக் கத்திரி கொடுத்தார்கள். அவ்வளவுதான். சொல்ல வேண்டியது போர்மேன் கோதண்டத்தைப் பற்றி.

கோதண்டம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. திட்டித் தொலைத்தால் தேவலை என்று நம்மை நினைக்க வைப்பார். எந்த வேலையைக் கொடுத்தாலும் முதலில், "இது மேல இன்னா குந்தப்போவுது?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் கையில் சாமான் வரும். சீட்டு தைத்து முடித்தால் அதன்மேல் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுவார். எழுந்தபின் பள்ளம் விழுந்திருந்தால் பிளேடை என் பக்கம் நீட்டுவார். பிரித்துத் தைக்க வேண்டும் என்று அர்த்தம்.

லாரி பாடி முடிந்தால் பெயிண்டு அடிப்பதற்கு முன் லோடு போட்டுப் பார்ப்பார். மண்டியிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளைக் கடனாக வாங்கி நாலு வரிசை அடுக்க வேண்டும். வண்டி செஞ்சி போய், வல்லம் பக்கத்து மேடு பள்ளத்தில் குலுங்கித் திரும்ப வேண்டும். வந்ததும் கோதண்டம் வண்டிக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு மூட்டிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். மூட்டை ஏற்றாத பாடி எங்கள் பட்டறையை விட்டு வெளியே போனதில்லை. இது எங்களுக்கெல்லாம் பெருமை. இந்தப் பெருமைதான் பிறகு எங்களைத் தண்ணீரில் தள்ளியது.

படகு கேட்டு வந்தவர் மாதா கோயில் பங்குச் சாமியார் ஒருவர். கழுவெளிச் சதுப்புக்குப் பக்கத்தில் அவருடைய பங்கு. மழை பிடித்தால் அங்கே ஒரு கிராமத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றுவிடும். பிள்ளைத்தாச்சிகளும் பாம்பு கடித்தவர்களும் வெளியே வர வழி கிடையாது. மரக்காணத்தில் கட்டுமரம்தான் கிடைக்கும். கட்டுமரத்தில் தண்ணீர் மேலே ஏறி இறங்கும். நோயாளியைப் படுக்க வைக்க முடியாது. உள்ளே தண்ணீர் வராத, துடுப்பும் பாயும் இரண்டும் உள்ள சின்னப் படகு வேண்டும் என்றார்.

பெரிய முதலாளி அப்போது திடகாத்திரமாக இருந்தார். பெரிய மீசை. "மரந்தானே சாமி? ஆணிதானே? பத்து டன்னு தூக்குற பாடி கட்றோம், இது கட்ட மாட்டமா?" என்றார். சாமியார் சந்தோஷமாகப் போனார். கோதண்டம் மட்டும் முதலாளியிடம், "இது மேல இன்னா குந்தப்போவுது?" என்று கேட்டார். முதலாளி சிரித்துவிட்டார். பதில் சொல்லவில்லை. கோதண்டமும் மறுபடி கேட்கவில்லை.

உடம்பைத் தச்சர்கள் கட்டினார்கள். பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அடைத்தார்கள். அதைப் பற்றி அவர்கள்தான் எழுத வேண்டும். அதற்குப் பிறகு படகுக்கு வேண்டிய சாமான்களைச் செய்து பூட்டும் வேலை எனக்கும் சவரிமுத்துவுக்கும் வந்தது.

சவரிமுத்து முகையூர்ப் பக்கத்துக்காரர். தகரம் வெட்டும் கத்திரியை ஒரு சாக்குக் கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டிருப்பார். சாப்பிடும்போதும் அது இடுப்பில்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதும் வேட்டிக்குள் அது இருக்கும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். "பொண்டாட்டிய வுட்டாலும் வுடுவான், கத்திரிய வுட மாட்டான்" என்பார் மூட்டைக்கார முனுசாமி. இந்த முனுசாமி மண்டியில் லாரி லோடு கட்டுகிறவர். அவர் கட்டிய லோடு திருச்சி வரைக்கும் போனாலும் விரலளவு நகராது.

படகுச் சாமான் விற்கும் கடை திண்டிவனத்தில் ஏது? லாரியில் என்ன இருந்ததோ அதை வைத்துச் செய்தோம். துடுப்பு ஊன்றி வலிக்க இரண்டு பக்கமும் ஒரு கொண்டி வேண்டும். லாரியின் பின் ஸ்பிரிங் பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டை எடுத்து, சவரிமுத்து உலையில் வைத்து வாயை அகட்டினார். துடுப்பு அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. இரும்பு மரத்தைத் தின்னாமல் இருக்க நான் துடுப்பில் அந்த இடத்துக்கு மட்டும் தோல் சுற்றித் தைத்தேன். சுக்கானைப் பின்பலகையில் மாட்ட லாரி பின்கதவுக் கீல். தண்ணீர் இறைக்க கிரீஸ் டப்பா. நங்கூரத்துக்குப் பழைய கியர் சக்கரம் ஒன்று.

பாய்மரத்துக்கு மரக்காணத்துச் சவுக்கு. பட்டை உரித்து, எண்ணெய் பூசி, நிழலில் காயப்போட்டோம். அடியில் நட ஒரு கட்டையைக் குடைந்து படகின் நடுமரத்தோடு போல்ட்டு போட்டோம். மரம் சாயாமல் முன்னாலும் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்ட விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் கை பிரேக் கேபிள் வாங்கி வந்தேன். பாய் ஏற்ற மர உச்சியில் ஒரு கப்பி. கிணற்றுக் கப்பி பெரிது, கயிறு பக்கவாட்டில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். அதனால் சவரிமுத்து பித்தளையில் சின்னதாக ஒன்று கடைந்து, கயிறு நழுவாமல் இரண்டு கன்னத்திலும் தகரம் அடைத்தார்.

பாய் என் வேலை. லாரிப் படுதா கனம், நனைந்தால் தூக்க முடியாது. மெல்லிய கேன்வாஸ் வாங்கி மூன்று மூலையாக வெட்டினேன். துண்டுக்குத் துண்டு இரட்டைத் தையல். ஓரம் முழுக்க உள்ளே கயிறு வைத்துக் கையால் தைத்தேன். காற்று இழுப்பது துணியை இல்லை, ஓரத்துக் கயிற்றை. மூலைகளில் நாலு மடிப்பு வைத்துப் பித்தளை வளையம் அடித்தேன். கோதண்டம் பாயைப் பட்டறை உத்தரத்தில் தொங்கவிட்டு, மூலையைப் பிடித்துத் தானே தொங்கிப் பார்த்தார். எதுவும் பிரியவில்லை. என் பக்கம் பிளேடு நீட்டவில்லை.

எப்படிப் பூட்டுவது என்று பார்க்க கோதண்டமும் சவரிமுத்துவும் நானும் ஒருநாள் மரக்காணம் போனோம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எல்லாம் சொன்னார். பாயின் கீழ்மூலையில் கட்டி ஓட்டுகிறவன் கையில் வைத்திருக்கும் கயிற்றைக் காட்டினார்.

"இத்த மட்டும் கையிலியே வச்சிக்கினு இரு. காத்து தூக்குச்சின்னா வுட்டுடு. பாயி படபடன்னு அடிச்சிக்கும், படகு தானா நிமுந்துடும்."

திரும்பி வந்து இதைச் சொன்னதும் முனுசாமி வாய்விட்டுச் சிரித்தார். "காத்தடிச்சா கயித்த வுட்டுடணுமா? எவன்டா சொன்னான்? கயித்த வுட்டா லோடு நடுரோட்ல கெடக்கும்."

நாங்களும் சிரித்தோம். மரக்காணத்துக்காரர் சொன்னது காதில் விழுந்ததே தவிர மனசில் ஏறவில்லை. லாரிக்காரனுக்குக் கயிறு என்றால் இறுக்குவதற்குத்தான். தளர்த்தினால் அவமானம். எங்கள் கையெல்லாம் அப்படியே பழகியிருந்தது.

ஐப்பசியில் மழை பெய்து கிடங்கல் ஏரியில் தண்ணீர் ஏறியதும் வெள்ளோட்டம் வைத்தார் முதலாளி. சாமியார் வந்தார். மண்டிக்காரர்கள் வந்தார்கள். ஊர்ச் சனமும் கரைமேல் நின்றது. கோதண்டம் வழக்கப்படி லோடு போட்டுப் பார்க்க மல்லாட்டை மூட்டைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அடியில் இரண்டு வரிசை அடுக்கச் சொன்னார்.

முதலாளிக்கு அது போதவில்லை. "இன்னா கோதண்டம், ரெண்டே வரிசை? கரையிலிருந்து பாத்தா மூட்டையே தெரியல. நம்ம வண்டி நாலு வரிசை தூக்குது. சாமியாரு பாக்க வேணாமா?"

"ரெண்டு போதும் மொதலாளி. இது ரோடு இல்ல."

"போடு, போடு. மல்லாட்ட வெயிட்டா? தோலுதான."

கோதண்டம் அதற்குமேல் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். எனக்கு அவர்மேல் எவ்வளவோ மரியாதை உண்டு, ஆனாலும் சொல்கிறேன். முனுசாமி நாலு வரிசை அடுக்கிக் கயிறு போட்டு இறுக்கினார். மூட்டை படகின் விளிம்புக்கு மேலே குன்று மாதிரி நின்றது. அப்புறம் பாயின் கீழ்மூலைக் கயிறு தொளதொளவென்று கிடப்பதைப் பார்த்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. அதை இழுத்து உட்காரும் பலகையில் சுற்றி, லோடு முடிச்சு ஒன்று போட்டார்.

சவரிமுத்து துடுப்பு போடும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, மரக்காணத்தாளு அத்த கையில வச்சிக்கணும்னு சொன்னாரே."

"நீ தகரத்தப் பாரு. கயிறு நம்ம டிபார்ட்மெண்ட்டு."

கரையில் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். சவரிமுத்து துடுப்பை எடுத்துக்கொண்டார். கோதண்டம் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். படகில் அந்த இருவர்தான். நான் தண்ணீரில் இடுப்பளவு இறங்கிப் படகைத் தள்ளிவிட்டு அங்கேயே நின்றேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் கரைமேல் கூட்டத்தில் இல்லை. தண்ணீரில் இருந்தேன்.

துடுப்பு போட்டவரைக்கும் படகு அழகாகப் போனது. கொஞ்ச தூரம் போனதும் சவரிமுத்து பாயை ஏற்றினார். கப்பியில் கயிறு சிக்காமல் ஓடியது. பாய் நிறைந்தது. கரையில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கரைப் பனைமரங்கள் முடிகிற இடத்தில் காற்று குறுக்கே வந்தது. பெரிய காற்று என்று சொல்ல மாட்டேன். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. மேலே இருந்த மூட்டைக் குன்றும் அந்தப் பக்கமே இழுத்தது. கோதண்டம் சுக்கானை விட்டுவிட்டுக் கீழ்மூலைக் கயிற்றைப் பிடித்து அவிழ்க்கப் பார்த்தார். முனுசாமியின் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். படகு மெதுவாக, யாரோ பிடித்துப் படுக்க வைக்கிற மாதிரி, பக்கவாட்டில் படுத்தது. பாய் தண்ணீர்மேல் விரிந்து கிடந்தது. அந்தக் கயிறு கம்பி மாதிரி விறைத்திருந்தது. அப்போது அறுபட்டிருக்கவில்லை. நான் பார்த்தேன்.

கோதண்டம் பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டார். கால் கயிற்றில் சுற்றியிருந்தது. கேன்வாஸ் ஒரு இடத்தில் புடைத்துப் புடைத்து அடங்கியது. அது அவர் தலை. சவரிமுத்து ஒரு பக்கம் விழுந்து, தலையை வெளியே தூக்கி, மூச்சு இழுத்து, உள்ளே போனார். முதலில் பாயில் அவர் கத்திரி போட்ட ஒரு கீறல் தெரிந்தது. அந்தக் கீறல் வழியாகக் கோதண்டத்தின் முகம் வந்தது, வாய் திறந்தபடி. சவரிமுத்து மறுபடி உள்ளே போனார். விறைத்திருந்த கயிறு அப்போதுதான் அறுபட்டுத் தளர்ந்தது. கோதண்டத்தின் காலும் அப்போதுதான் விடுபட்டது. நான் அதற்குள் நீந்திப் போய் அவரைத் தோளில் வாங்கிக்கொண்டேன்.

படகு முழுகவில்லை. மல்லாட்டை மிதக்கும். முனுசாமி கட்டிய கட்டு அவிழாததால் மூட்டைகள் படகைத் தாங்கிக்கொண்டன. அவர் போட்ட ஒரு முடிச்சு கவிழ்த்தது, மற்ற முடிச்சுகள் காப்பாற்றின. மேல்வரிசையில் கிழிந்த இரண்டு மூட்டை மட்டும் கொட்டி, ஏரி முழுக்க மல்லாட்டை மிதந்தது. சனங்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். கரையில் கோதண்டம் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் மல்லாட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இனி சொல்வதைச் சின்ன முதலாளி கவனமாகப் படிக்க வேண்டும்.

உங்கள் அப்பா சலவை வேட்டியோடு கழுத்தளவு தண்ணீரில் இறங்கினார். கோதண்டத்தை என்னோடு சேர்ந்து கரைக்குத் தூக்கிவந்தார். சாமியார் ஓடிவந்து, "யாரு தப்பு, எப்படி ஆச்சு?" என்று பதறினார். முனுசாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உங்கள் அப்பா மீசையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சொன்னார்:

"நான்தான் சாமி. கோதண்டம் ரெண்டு வரிசை போதும்னாரு. நான்தான் நாலு போடச் சொன்னேன். எம்மேல தப்பு. இந்த சவரிமுத்து இல்லன்னா எம்மாளு செத்திருப்பான்."

மண்டிக்காரர்கள் இருந்தார்கள். ஊர் இருந்தது. அத்தனை பேர் முன்னால் சொன்னார். அவர் அப்படிச் சொல்லி அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மறுநாள் கிழிந்த பாய் என் கைக்கு வந்தது. எனக்குக் கோபம். கீறல் துணியின் நடுவே கோணலாக ஓடியிருந்தது. "அறுக்குறதுதான் அறுத்த, தையல் ஓரமா அறுக்கக் கூடாதா?" என்று சவரிமுத்துவைக் கேட்டேன்.

"தண்ணிக்குள்ள டேப்பு வச்சி அளந்துக்கினா கிழிப்பாங்க?" என்றார். உடம்பு தேறாமல் பட்டறையிலேயே படுத்திருந்த கோதண்டம் சிரித்து, சிரித்ததில் இருமினார்.

அந்தக் கீறல்தான் இன்றைக்கும் என் சாட்சி. காற்றைக் கண்டு பயந்து கயிற்றை அறுக்கிறவன் கயிற்றை மட்டும் அறுப்பான். பாயின் நடுவில் ஒரு ஆளின் தலை நுழைகிற அளவுக்கு எதற்குக் கிழிக்கிறான்? இன்னொன்று. ஓடுகிற படகில் அந்தக் கயிற்றை அறுத்தால் பாய் காற்றில் அடித்துக்கொள்ளும், படகு நிமிரும். மரக்காணத்துக்காரர் சொன்னது அதுதான். சவரிமுத்து பயந்து முன்னாலேயே அறுத்திருந்தால் படகு கவிழ்ந்தே இருக்காது.

இரண்டாவது தடவை எல்லாவற்றையும் மாற்றினோம். பாய்மரத்தை ஒரு முழம் குறைத்தோம். நான் கிழிந்த பாகத்தை வெட்டியெடுத்துப் பாயைச் சின்னதாகத் தைத்தேன். அடியில் மணல் மூட்டை போட்டு அது நகராமல் சட்டம் அடித்தோம். கீழ்மூலைக் கயிற்றைக் கட்ட வழியே இல்லாதபடி, பக்கத்தில் வழவழப்பான ஒரு முளை மட்டும் வைத்தோம். ஒரு சுற்று சுற்றிக் கையில் பிடிக்கலாம். விட்டால் ஓடிவிடும்.

லோடு போட்டுப் பார்க்கும் நாள் வந்தது. கோதண்டம் இந்தத் தடவை முதலாளியிடம் கேட்டார்: "இது மேல இன்னா குந்தப்போவுது மொதலாளி?"

முதலாளி படகுக்குள் குனிந்து பார்த்தார். "குந்தப்போறது இல்ல. படுக்கப்போவுது" என்றார்.

கோதண்டம் முனுசாமியைக் கூப்பிட்டு, படகுக்குள் கோரைப்பாய் விரித்து மல்லாந்து படுக்கச் சொன்னார்.

"என்னிய ஏன் மேஸ்திரி புள்ளத்தாச்சி ஆக்குறீங்க? எனக்கு நீச்சலே தெரியாது!"

"அதுக்குத்தான் உன்ன. நீ பயப்படாம வந்தா யாரும் பயப்பட மாட்டாங்க."

முனுசாமி வயிற்றின்மேல் கைவைத்துப் படுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றி வந்தார். சவரிமுத்து கயிற்றைக் கையில் வைத்திருந்தார். காற்று வந்தபோது விட்டார். பாய் அடித்துக்கொண்டது. படகு நிமிர்ந்தது. முனுசாமி கண்ணைத் திறக்காமலேயே, "வுட்டியா?" என்றார். "வுட்டேன்ணே." "ம்." அதோடு சரி.

அந்தக் கார்த்திகை மழையில் ஒரு பெண் அந்தப் படகில் படுத்தபடி தண்ணீரைக் கடந்து வந்து, திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றாள் என்று சாமியார் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார். கோதண்டம் கேட்டுக்கொண்டு, ஒரு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். மூட்டில் கை வைத்துப் பார்க்க.

சின்ன முதலாளி, படகை உங்கள் அப்பா சரிசெய்தார் என்று எழுதினீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். அவர் பட்டறை, அவர் பணம், எனக்கு வழக்கில்லை. ஆனால் ஏரிக்கரையில் அவர் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்ட தப்பை, நீங்கள் இறக்கி ஒரு செத்த மனிதன் தலையில் வைத்திருக்கிறீர்கள். அவர் மகள் அந்தப் பெயரைப் போர்டில் எழுதிப் பிழைக்கிறாள்.

மலரைத் தனியாக ஒரு அறையில் வெளியிடவில்லை நீங்கள். மண்டபத்தில் மைக் வைத்து வெளியிட்டீர்கள். அதே மண்டபத்தில், அதே லாரி ஓனர்களைக் கூப்பிட்டு, அதே மைக்கில் பதில் சொல்லுங்கள். என் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். ஸ்டெல்லாவிடம் தனியாக வருத்தம் தெரிவிக்கவும் வேண்டாம். அவள் முன்வரிசையில் உட்காருவாள், நான் பக்கத்தில் உட்காருவேன். ஒரே ஒரு கேள்விதான்: அந்தக் கயிறு அறுபட்டது படகு கவிழ்வதற்கு முன்பா, பின்பா? உங்கள் அப்பாவுக்குப் பதில் தெரிந்திருந்தது. அவர் அதை ஊரறியச் சொன்னார். நீங்களும் ஊரறியச் சொல்லுங்கள்.